போர்டு இல்லாத பேக்கரி

என் மனைவி விஜிக்கு ஒரு பேக்கரி இருந்தது. அது அவளுக்கே தெரியாது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள், போர்டு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டு, நான்கு வருஷம் நடந்தது. கட்டியவன் நான்தான். ஒரு செங்கல்கூட வாங்கவில்லை, வாயாலேயே கட்டினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது நான்கு வருஷம் தாங்கியது என்றால் நான் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. இனி அடித்து என்ன.

1992இல் ரிச்மண்ட் டவுனில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். வரைபவர்கள் டிரேசிங் பேப்பரில் வீட்டு பிளான் வரைந்து தருவார்கள். அதை அமோனியா மெஷினுக்குள் விட்டு பிரிண்ட் எடுப்பது என் வேலை. மெஷின் இருந்த அறை பின்பக்கம், கார் ஷெட்டை ஒட்டி இருந்தது. கண் எரியும். மூக்கு எரியும். மூன்று மாதத்தில் பழகிவிடும்.

முதல் மூன்று வாரம் எல்லோரோடும் பெரிய மேஜையில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டேன். ஒருநாள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் கோவிந்தப்பா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"உத்தமா, ஜீவனஹள்ளியில எந்தப் பக்கம் உன் மனை?"

சொன்னேன்.

"மனையில எந்த தேவரு, எந்த சாமி கும்பிடுவீங்க?"

"புத்தர் சார். பக்கத்துல அம்பேத்கர் படம் இருக்கு."

"ஓஹோ" என்றார். அவ்வளவுதான். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. மறுநாள் தோளில் கை போடாத குறையாக வந்து சொன்னார்.

"தப்பா நெனக்காதேப்பா. உன் கையில அமோனியா வாசனை சொல்ப ஜாஸ்தி. ஊட்டா சாப்பிடறப்போ ஒரு மாதிரி ஆகுது. நீ உள்ளேயே சாப்பிடேன்."

மூன்று வாரமாக அடிக்காத அமோனியா வாசனை 'புத்தர்' என்ற சொல்லுக்குப் பிறகு அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் பிரிண்ட் அறைக்குள்ளேயே சாப்பிட ஆரம்பித்தேன். அலமாரி மேல்தட்டில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளர் வந்து உட்கார்ந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் ஆத்திரமெல்லாம் உள்ளுக்குள்ளேயே குதிக்கும் ஆத்திரம், வெளியே வந்தால் 'சரி சார்' என்றுதான் வரும்.

இதையெல்லாம் விஜியிடம் சொல்லவில்லை. அவள் என் வேலையைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசி வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் வைகாசி பௌர்ணமிக்கு அவள் முப்பது ரவா லட்டு பிடித்து, வாழை இலை போட்டு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். பெரிய மேஜையில் வைத்தேன். "அங்க இடு, அப்புறம் திங்கறோம்" என்றார்கள். ரிசப்ஷனில் இருந்த ஜோசஃபின் மட்டும் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, "நெய் நல்ல நெய்யி" என்றாள். சாயங்காலம் இருபத்தொன்பது லட்டும் அப்படியே இருந்தன. வரும் வழியில் ஒரு கட்டடத்தில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்த ஆட்களிடம் கொடுத்தேன். அவர்கள் சிமெண்ட் கையோடு சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

"இன்னா சொன்னாங்க?" என்று விஜி வாசலிலேயே நின்றாள்.

"டப்பாவை நக்காத குறைதான்."

அது அன்பால் சொன்ன பொய், அதனால் கெடுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பொய்யில் நல்ல ஜாதி, கெட்ட ஜாதி பிரித்தவன் நான்.

விஜிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். "நம்ம தெருவுல எல்லாரும்தான் என் கை ருசி நல்லாருக்குன்றாங்க. அவங்க சொல்லாம வேற யார் சொல்வாங்க. நம்ம தெருவுக்கு வெளிய ஒருத்தர் சொல்லணுங்க. அது போதும் எனக்கு." காசு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. வெளியே ஒரு வாய், ஒரு சொல். அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலைதான் எனக்கு.

சாக்லேட் வந்தது 1995இல். ஜனவரியில் எங்கள் பெண் லாவண்யாவுக்கு முதல் பிறந்தநாள். ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும் ஒரு வீட்டில் கோகோ டின்னின் லேபிளில் செய்முறை இருந்ததாம், விஜி பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். லேபிளில் இருந்தது பாதி, மீதி அவள் சேர்த்தது.

வேர்க்கடலையைச் சின்னத் தீயில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் போட்டு வாசலில் நின்று தோல் ஊதுவாள். முந்திரி முழுசாக வாங்க வசதி கிடையாது. சிவாஜிநகரில் உடைந்த முந்திரி கால் விலைக்குக் கிடைக்கும், அதைப் பொறுக்கி எடுத்து நெய்யில் பொன்னிறமாகப் பிரட்டுவாள். பால் பவுடரையும் கோகோவையும் மூன்று தடவை சலிப்பாள். சர்க்கரைப் பாகுதான் கண்டம். ஒரு கம்பி வந்ததும் இறக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் சாக்லேட் மண்ணாக உதிரும், முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும். விரலை நனைத்துப் பாகைத் தொட்டுப் பார்க்கும்போது பேச மாட்டாள், யாரையும் பேச விடவும் மாட்டாள். லாவண்யா அழுதால்கூட "இரு, இரு, ஒரு கம்பி" என்பாள்.

இறக்கியதும் வெண்ணெய், அப்புறம் பவுடர். கை ஓயாமல் கிண்ட வேண்டும். சூடு பொறுக்கும் பதத்தில் உள்ளங்கையில் நெய் தடவி, நடுவில் இரண்டு வேர்க்கடலையும் ஒரு துண்டு முந்திரியும் வைத்து உருட்டுவாள். எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. பெங்களூர் மார்கழிக் குளிர் இருக்கும்போது அது எதற்கு? தாம்பாளத்தில் பரப்பி ஜன்னல் ஓரம் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். அதனால்தான் டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டும் செய்வாள்.

ஜிகினா பேப்பர் வெட்டுவது என் பங்கு. அவென்யூ ரோட்டில் சிவப்பும் தங்கமும் பச்சையும் ஷீட்டாக வாங்கி வருவேன். ஆபீஸ் ஸ்டீல் ஸ்கேலையும் பிளேடையும் வைத்து மூன்று அங்குலச் சதுரம் போடுவேன். ஒரு நூல்கூட முன்னே பின்னே போகாது. அவள் உருட்ட, நான் சுற்ற, நடுவில் லாவண்யா பேப்பர் துண்டுகளைத் தலையில் போட்டுக்கொள்ள, சாயங்காலம் போவதே தெரியாது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறந்தநாளுக்கு மறுநாள் நாற்பது சாக்லேட் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ஜிகினா மினுமினுப்பைப் பார்த்துக் கோவிந்தப்பா தானே கை நீட்டினார்.

"அடடே, எந்த பேக்கரிப்பா இது?"

வீட்டில் செய்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். ஆனால் கண்முன் இருபத்தொன்பது லட்டு வந்து நின்றது.

"காக்ஸ் டவுன்ல சார். ஒரு சந்துக்குள்ள. போர்டெல்லாம் இல்ல."

"பேரு?"

"விஜயா பேக்கரி."

பேப்பரைப் பிரித்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் தட்டு காலி. மேடம், அதாவது முதலாளியின் மனைவி, ஆபீசை நடத்துகிறவர் அவர்தான், தன் அறையிலிருந்து வெளியே வந்து, "உத்தமன், இது யார் செஞ்சது? ஃபாரின் சாக்லேட்லகூட இந்த நட்ஸ் வாசனை வராது" என்றார். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். என் அமோனியாக் கையால்தான் ஒவ்வொன்றையும் சுற்றினேன் என்று எவருக்கும் தெரியாது. கொஞ்சம் பழிவாங்கிய சந்தோஷம்கூட இருந்தது. அற்ப சந்தோஷம்.

ஜோசஃபின் மட்டும் என்னைப் பார்த்தபடி இருந்தாள். அவள் வீடு காக்ஸ் டவுன். அங்கே எந்தச் சந்தில் எந்த பேக்கரி என்று அவளுக்குத் தெரியாதா? பிரிண்ட் வாங்க வந்தபோது மெல்லச் சொன்னாள்.

"வீட்ல செஞ்சதுதானே? சொல்லிடுங்க உத்தமன். நான் பக்கத்துல நிக்கிறேன்."

"இப்ப வேணாங்க. அப்புறம் பாக்கலாம்."

அன்று சாயங்காலம் விஜி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"மேடமே வெளிய வந்து கேட்டாங்க. ஃபாரின் சாக்லேட்ல கூட இப்படி வாசனை வராதுன்னாங்க."

"நெசமாவா! நான் செஞ்சதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது. லாவண்யாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "உங்கம்மாவை மேடத்துக்குத் தெரியும்டி!" என்று குழந்தையிடம் சொன்னாள். அந்த நேரத்தில் நான் பூமிக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை, காபி குடித்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பருக்கும் இரண்டு பக்கமும் பொய் சொன்னேன். ஆபீசில் கேட்டால் பேக்கரி, வீட்டில் கேட்டால் மேடம். கோவிந்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றிவிட்டு வந்து, "எல்லி, எங்கய்யா உன் பேக்கரி? கிடைக்கவே இல்ல" என்றார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். "ஞாயித்துக்கிழமை லீவு சார், ஷட்டரை எறக்கிடுவாங்க" என்றேன்.

வீட்டில் இன்னும் மோசம். விஜி மேடத்துக்குச் சேதி சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள். "இனிப்பு அளவா இருக்கான்னு கேளுங்க." "கோகோ கசக்குதான்னு கேளுங்க." நான் கேட்காமலேயே பதில் கொண்டுவருவேன். ஒரு வருஷம், "முந்திரி கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாருக்கும்னாங்க" என்றேன். மேடம் அப்படிச் சொல்லவே இல்லை. எனக்கு முந்திரி பிடிக்கும், அவ்வளவுதான். அவள் உடனே ஃபால்ஸ் காசில் முழு முந்திரி வாங்கிவந்தாள். "ரசிச்சுத் திங்கறவங்க வாய்க்கு உடைசல் போடக் கூடாதுங்க" என்றாள்.

1998 டிசம்பரில் ஆபீசுக்கு மாடி எடுத்துக் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு மேடம் என்னைக் கூப்பிட்டு, விஜயா பேக்கரியில் முந்நூறு சாக்லேட்டுக்குச் சொல்லச் சொன்னார். விஜிக்கு அது கல்யாண ஆர்டர் மாதிரி. மூன்று நாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. பாகு பதம் பார்த்துப் பார்த்து ஆள்காட்டி விரல் நுனி சிவந்து போயிருந்தது.

"இந்தத் தடவை நானும் வரட்டுமா? மேடத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"விழாவுக்கு எவ்வளவோ பெரிய மனுசங்க வருவாங்க. இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றாள். நான் சொன்னால் அவள் அந்தக் காலத்தில் நம்புவாள்.

விழா அன்று காலை ஆறு டப்பாக்களை அட்டைப் பெட்டியில் கட்டி ஆட்டோவில் ஏற்றினேன். ஐம்பது ஐம்பதாக ஆறு. ஆபீசில் இறக்கிப் பார்த்தால் ஐந்துதான் இருந்தது. ஒன்றை ஜன்னல் ஓரமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நூல் பிசகாமல் பேப்பர் வெட்டுகிறவன் ஐம்பது சாக்லேட்டை மறந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்துவர நேரம் இல்லை.

பதினொரு மணி இருக்கும். முன் ஹாலில் விருந்தாளிகள் இருந்தார்கள். நான் தட்டில் சாக்லேட் அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு விஜி வருகிறாள். கல்யாணப் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், இரண்டு கையாலும் அந்த ஆறாவது டப்பாவை மார்போடு அணைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு என்னைத் தாண்டி, நான் சொல்லிச் சொல்லியே அடையாளம் தெரிந்திருந்த மேடத்தைப் பார்த்தாள். நாலு வருஷமாகப் பழகிய ஒருவரைப் பார்க்கிற சிரிப்பு அது.

மேடம் என்னைக் கேட்டார். "யார் உத்தமன் இவங்க?"

பக்கத்தில் கோவிந்தப்பா வாயில் சாக்லேட்டோடு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் விருந்தாளிகள், அவர்கள் வாயிலும் சாக்லேட். ஹால் முழுக்க மென்றுகொண்டிருக்கிறது. 'என் சம்சாரம் மேடம்.' மூன்றே மூன்று வார்த்தை.

"விஜயா பேக்கரிலேர்ந்து வந்திருக்காங்க மேடம்" என்றேன்.

விஜியின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே நின்றது, எங்கே போவதென்று தெரியாமல். என்னை ஒரு தடவை பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள், தின்கிற வாய்களைப் பார்த்தாள். அவ்வளவு நேரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆனது அவளுக்கு ஆறு நொடியில் புரிந்தது.

"ஆமா மேடம்" என்றாள். "ஒரு டப்பா விட்டுப்போச்சு. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்க வாங்க, உட்காருங்க. நாலு வருஷமா உங்க சாக்லேட்டுக்கு நாங்க எல்லாரும் அடிமை. நீங்களேதான் செய்றீங்களா?"

அவள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி அது. எங்கள் தெருவுக்கு வெளியே இருக்கும் ஒரு வாய், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறது. நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல் விஜி, நீதான் என்று சொல்லிவிடு, என் மானம் போனால் போகட்டும். மனதுக்குள்தான் கெஞ்சினேன். வாய் மூடித்தான் இருந்தது.

"இல்ல மேடம்" என்றாள் விஜி. "மாஸ்டர் செய்றாரு. நான் சும்மா பேப்பர்தான் சுத்துவேன்."

மேடம் அவளை சோபாவில் உட்காரவைத்தார். விருந்தாளிகளுக்கான பீங்கான் கப்பில், சாஸரோடு, காபி கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஆறு வருஷத்தில் என் உதடு படாத கப் அது. அவள் என் கையைப் பார்க்காமல் வாங்கி, முழுசாகக் குடித்து, கப்பைச் சத்தமில்லாமல் சாஸரில் வைத்தாள். "வரேன் மேடம்" என்று எழுந்து போனாள். கதவு வரை ஜோசஃபின்தான் கூடப் போனாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. திட்டுவாள், அழுவாள், சாமானைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அமோனியா, தம்ளர், லட்டு, பேக்கரி எல்லாம். முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை.

"அவங்க திங்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். "நம்ம கையால திங்காதவங்க வாய்க்கு நான் எதுக்குச் செய்யப் போறேன்."

"நீ சந்தோஷமா இருக்கணும்னுதான்..."

"நான் மேடத்துக்குச் சொல்லியனுப்பினதெல்லாம்?"

"எதுவும் போய்ச் சேரல."

"முந்திரி தூக்கலா வேணும்னது?"

"அது நான்தான்."

அவள் கை முறத்தில் அப்படியே நின்றது. அதுவரை அழாதவள் அந்த முந்திரிக்குத்தான் அழுதாள். இல்லாத ஒருவரின் நாக்குக்காக மூன்று டிசம்பர் சமைத்திருக்கிறாள் அல்லவா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேராவது என் பேரை வெச்சீங்களே" என்றாள். அதைக் கேட்டு நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை.

அடுத்த டிசம்பரில் கோகோ வாங்கிவந்து அடுப்படியில் வைத்தேன். "பேக்கரியை மூடிட்டாங்கன்னு சொல்லிடுங்க" என்றாள். டின் அங்கேயே இருந்து கட்டிதட்டிப் போனது. ஆபீசில் சொன்னபோது கோவிந்தப்பா நெஞ்சில் கை வைத்தார். "அய்யய்யோ! அந்த மாஸ்டர் எங்க போனான்னு விசாரிச்சியா?" விசாரிக்கிறேன் சார் என்றேன்.

வீட்டில் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சோறு போடுவாள், சட்டை துவைப்பாள், லாவண்யா படிப்பைப் பற்றிப் பேசுவாள். நான் வீடு திரும்பும்போது வாசலில் மட்டும் நிற்பதில்லை. "இன்னா சொன்னாங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். ஆபீசில் சம்பளம் கூட்டினார்கள் என்றால்கூட, "சரி" என்பாள், கவரைப் பார்க்கும்வரை நம்பமாட்டாள். கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2004இல் எல்லோரும் கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்தார்கள், பிரிண்டும் அதிலேயே வந்தது. அமோனியா மெஷினை எடைக்குப் போட்டார்கள். எனக்கும் கணக்கு முடித்தார்கள். கடைசி நாள் கேக் வெட்டிப் பெரிய மேஜையில் எல்லோரோடும் உட்காரவைத்தார்கள். கடையில் வாங்கிய கேக். மேடம் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு சொன்னார், "என்ன இருந்தாலும் அந்த விஜயா பேக்கரி சாக்லேட் மாதிரி வராது, இல்ல?"

இனி இழக்க ஒன்றும் இல்லாதவனுக்கு வரும் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை.

"பேக்கரியே கிடையாது மேடம். என் சம்சாரம் செஞ்சது. அன்னைக்கு டப்பா கொண்டுவந்தாளே, அவதான். பேரு விஜி."

கோவிந்தப்பாதான் முதலில் பேசினார். முடிக்குச் சாயம் போட்டிருந்தார், பென்ஷன் வாங்கும் வயசு.

"சே, சே! அப்பவே சொல்றதுக்கு என்னப்பா? சொல்லியிருந்தா நாங்க தின்னிருக்கமாட்டமா?"

அவர் ரவா லட்டை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. சாக்லேட்டைத் தின்ற பிறகு, அந்த முதல் வருஷமே சொல்லியிருந்தால், துப்பியிருப்பாரா, இன்னொன்று கேட்டிருப்பாரா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியை நான்தான் அடைத்தேன்.

மேடம் வெகுநேரம் தலை குனிந்திருந்தார். "நான் அவங்ககிட்டயே கேட்டேனே, நீங்கதான் செய்றீங்களான்னு" என்றார்.

"ஆமா மேடம்."

"மாஸ்டர்னு சொன்னாங்களே."

"எனக்காகச் சொன்னா மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிப்ரவரியில என் பொண்ணு கல்யாணம். சாக்லேட் அவங்கதான் செய்யணும். டப்பா மேல அவங்க பேரு போடணும். நான் கேட்டேன்னு சொல்லு. வேணும்னா நானே போன்ல பேசறேன்."

நாற்பத்தைந்து வயசில் பஸ்ஸுக்கு ஓடினேன். பன்னிரண்டு வருஷமாக நான் சுமந்துவந்த சேதிகளில் இது ஒன்றுதான் அசல். ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. ஜீவனஹள்ளி ஸ்டாப்பிலிருந்து வீடு வரை அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், ஒரு எழுத்து மாறக் கூடாதென்று.

விஜி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன், மேடம் தலை குனிந்தது, கண்ணாடி துடைத்தது, கல்யாணம், டப்பா மேல் பேர் எல்லாம்.

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். முகத்தில் கோபமே இல்லை. குழந்தை கதை சொன்னால் கேட்போமே, அப்படிக் கேட்டாள்.

"முந்திரி தூக்கலா இருக்கணும்னு சொல்லியிருப்பாங்களே?" என்றாள்.

"விஜி, நெசமா சொல்றேன். லாவண்யா மேல சத்தியம்."

"அவளை எதுக்கு இதுல இழுக்குறீங்க."

"போன் போட்டுத் தரேன், நீயே பேசு. மேடமே பேசறேன்னாங்க."

புதிதாக வாங்கிய ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தி அவள் பக்கம் நீட்டினேன். மறுமுனையில் மணி அடிப்பது இருவருக்கும் கேட்டது. அவள் கை நீட்டவில்லை. அடுத்த உறையை எடுத்து உதறினாள்.

"மாஸ்டர் வேலையை விட்டுட்டுப் போயி ஆறு வருஷம் ஆச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"ஹலோ?" என்றார் மேடம்.

ஃபோனைக் காதில் வைத்தேன். விஜி சொன்னதை அப்படியே சொன்னேன். ஒன்பது வருஷத்தில் அவள் மேடத்துக்குச் சொல்லியனுப்பி நான் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் சேதி அதுதான்.